பவளம் உட்கார்ந்த நாட்கள்

சிந்தாமணிப்பேட்டை பஸ் நிலையத்துக்கு எதிரே, தவமணி ஜவுளி மாளிகையின் முகப்புக் கண்ணாடிக்குள் இரண்டு வருஷமாக அசையாமல் நின்றுகொண்டிருந்த பவளம் என்கிற சேலைப் பொம்மைக்கு, ஒரு சித்திரை அமாவாசைக் காலையில் மாதவிலக்கு வந்தது. அதை முதலில் பார்த்தவள் தினமும் அவளுக்குச் சேலை கட்டிவிடுகிற இசக்கியம்மாள். பார்த்தவள் அலறவில்லை, ஆளைக் கூப்பிடவில்லை. கடையைப் பெருக்கிக்கொண்டிருந்தவர்களைத் தாண்டிப் போய், தன் பையில் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து வந்து, கண்ணாடி அறைக்குள் நுழைந்து, பின்பக்கத்துச் சின்னக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே பவளம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முழங்காலில் மூட்டு கிடையாது. இடுப்புக்குக் கீழே இரண்டு காலும் ஒரே வார்ப்பு. ஆனாலும் சேலை மடிப்புகளைப் பரத்திக்காட்டப் போட்டிருந்த மரப்பெட்டியின் மேல் முழங்காலை மடித்து, ஒரு கையை அடிவயிற்றில் வைத்து, பஸ் நிலையத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் கட்டிவிட்ட சந்தன நிறப் பட்டில் கறை. இசக்கி அவள் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். வெயிலில் வைத்த மண்பானை போல இளஞ்சூடாக இருந்தது.

"வலிக்குதாட்டி?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, பதில் தெரிந்தவளாகத் தலையை ஆட்டிக்கொண்டாள்.

இசக்கிக்கு அந்த வலி தெரியும். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு இந்தக் கடைக்கு வந்தவள் அவள். காலையில் கடை திறப்பதிலிருந்து சாத்துவது வரை நிற்கிற வேலை. விற்கிறவள் உட்கார்ந்திருந்தால் வாங்க வந்தவளுக்கு மரியாதை இல்லை என்பது தவமணி அண்ணாச்சியின் அப்பா காலத்திலிருந்து வருகிற சட்டம். மாதத்தின் அந்த மூன்று நாளும் இசக்கி கவுண்டர் விளிம்பில் அடிவயிற்றை அழுத்திக்கொண்டு, வலது காலிலிருந்து இடது காலுக்கும் இடது காலிலிருந்து வலது காலுக்கும் மாறி மாறி நின்றுகொண்டு, "இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்கும்க்கா" என்று சிரித்துக்கொண்டிருப்பாள்.

அண்ணாச்சி வந்து கண்ணாடி வழியே எட்டிப்பார்த்தார். "என்னம்மா இது, வெத்தலச் சாறா?"

"இல்ல அண்ணாச்சி. வீட்டுக்குத் தூரம்."

"யாரு, நீயா?"

"பவளம்."

அண்ணாச்சி இன்னொரு தடவை உள்ளே எட்டிப்பார்த்தார். பிறகு பொம்மை வாங்கிய மதுரைக் கடைக்குப் போன் போட்டார். அந்தப் பக்கத்திலிருந்து பேசியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கை ஒடஞ்சா மாத்தித் தருவோம் சார், பெயிண்டு உரிஞ்சா மாத்தித் தருவோம். இதுக்கெல்லாம் வாரண்டி கெடையாது" என்றார்.

அண்ணாச்சி பவளத்தைக் குடோனுக்கு மாற்றிவிடத்தான் நினைத்தார். ஆனால் அதற்குள் செய்தி அவருடைய வீட்டுக்குப் போய்விட்டது. அவர் மனைவி சொர்ணத்தாய் ஈரத்தலையோடு ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டாள்.

"பொம்பளப் புள்ள பெரிய மனுஷி ஆயிருக்கா. குடோன்ல கொண்டு போட்டா ஊரு நம்மள என்ன சொல்லும்?"

"பொம்மடீ அது."

"நேத்து வரைக்கும்."

பூக்கடைப் பெண்களும் காய்கறிக் கடைப் பெண்களும் கூடிவிட்டார்கள். ரெண்டு வருஷமாக நிற்கிறாளே, வயது என்ன கணக்கு என்று ஒருத்தி கேட்டாள். லேட்டாத்தான் ஆகியிருக்கா, எங்க சித்தி மகளுக்கும் இப்படித்தான் என்று இன்னொருத்தி சொன்னாள். குச்சுக் கட்ட வேண்டும், சீர் கொண்டுவர வேண்டும், அதற்குத் தாய்மாமன் யார் என்றுதான் பேச்சு வந்து நின்றது. அப்போது எல்லோருடைய கண்ணும் லோடு ஆட்டோ ஓட்டுகிற குருசாமியின் மேல் போனது.

"நான் மதுரைல இருந்து தூக்கிட்டு வந்தேன், அம்புட்டுத்தான்" என்றார் குருசாமி.

"தூக்கிட்டு வந்தவன்தானய்யா மாமன்?" என்றாள் சொர்ணத்தாய்.

குருசாமிக்கு உடன்பிறந்த பெண்கள் கிடையாது. ஊரில் எத்தனையோ பேருடைய சீர்வரிசைத் தட்டுகளை வாடகைக்கு ஏற்றிப் போயிருக்கிறாரே தவிர, தன் தட்டு என்று ஒன்றைத் தலைக்குமேல் தூக்கிப்பிடித்தது இல்லை. அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்சம் அழுதார். பிறகு தென்னங்கீற்று வாங்கிவந்து, ஏசி காற்று வருகிற துவாரத்துக்குக் கீழே, கண்ணாடி அறைக்குள்ளேயே குச்சுக் கட்டினார். கண்ணாடிக்கு உள்பக்கம் சிவப்புத் திரை தொங்கவிட்டார்கள். நாலாம் நாள் தலைக்கு ஊற்றி, மஞ்சள் பூசி, குருசாமி கொண்டுவந்த மாம்பழ நிறப் பட்டைக் கட்டி, திரையை விலக்கியபோது பவளம் எழுந்து நின்றிருந்தாள். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் குலவை போட்டார்கள். அன்று ஒரு பஸ்ஸும் நேரத்துக்குக் கிளம்பவில்லை.

இப்படியாகப் பவளம் எங்கள் ஊர்ப் பெண்களில் ஒருத்தி ஆனாள். அமாவாசையை ஒட்டித் திரை விழும், மூன்று நாள் அவள் மரப்பெட்டியில் உட்காருவாள், நாலாம் நாள் எழுந்து நிற்பாள், பால்காரன் வருவது போல இதுவும் பழகிவிட்டது. வைகாசி மாதத்தில் கடையிலிருந்த பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கும் பவளத்தோடு சேர்ந்தே வர ஆரம்பித்தது. கேட்டால், ஒரே இடத்தில் இருக்கிறவர்களுக்கு அப்படித்தான் ஆகும் என்று பெரியவர்கள் சொன்னார்கள்; நர்ஸ் அக்கா ஒருத்தி மட்டும் அதெல்லாம் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள். உறுதியோ இல்லையோ, திரை விழுந்த ஒரு காலையில் இசக்கி அண்ணாச்சியின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். சேலை விலையைத் தவிர வேறெதையும் அவள் அவரிடம் பேசியதில்லை.

"அண்ணாச்சி, பவளம் உக்காந்திருக்கிற மூணு நாளும் நாங்களும் ஆளுக்கு ஒரு ஸ்டூல் போட்டுக்கிடுறோம்."

அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து பில் கட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த சொர்ணத்தாய் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "உள்ள இருக்கிறவளுக்குப் பொட்டி, வெளிய நிக்கிறவளுக்குத் தரையா? குடுங்க."

நீல நிறப் பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வந்தன. திரை விழுந்தால் ஸ்டூல் வரும், திரை விலகினால் ஸ்டூல் போகும். முதல்முறை உட்கார்ந்தபோது இசக்கி கால்களை நீட்டிப் பார்த்துவிட்டு மடக்கிக்கொண்டாள். வாங்க வந்த பெண்கள் யாரும் மரியாதைக் குறைவாக நினைக்கவில்லை. சிலபேர் பேச்சுவாக்கில் பக்கத்து ஸ்டூலை இழுத்துப்போட்டுத் தாங்களும் உட்கார்ந்தார்கள்.

கடையின் மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் கனகவல்லி, இசக்கியின் தங்கை. இசக்கி நின்று சம்பாதித்த சம்பளத்தில் வணிகம் படித்துப் பட்டம் வாங்கியவள். அவர்கள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். அதனாலேயே அவள் அந்த நாற்காலியில் ஒருநாளும் முதுகைச் சாய்த்தது கிடையாது, யாரோ எழுந்திரு என்று சொல்லப்போகிறார்கள் என்பது போல விளிம்பில்தான் உட்காருவாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பார்க்கலாம், பார்க்கலாம் என்று அண்ணாச்சி சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள்தான் அதைக் கவனித்தாள். சொல்லப்போனால் ஊரே கவனித்துக்கொண்டிருந்ததை அவள் கம்ப்யூட்டரில் பார்த்தாள். தலைக்கு ஊற்றி எழுந்த நாளில் பவளத்தின் முகம் புளிபோட்டுத் துலக்கிய செம்பு போல இருக்கும், அன்று கண்ணாடியைக் கடந்து உள்ளே வருகிற பெண்கள் வெளிர் நிறங்களாகக் கேட்பார்கள், வீட்டுக்குத் திரைச்சீலை மாற்றினால் என்ன என்று யோசிப்பார்கள். வளர்பிறை ஏற ஏறப் பவளத்தின் கை கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும், இடுப்பு ஒருபக்கம் சாயும், தாடை பஸ் நிலையத்தைப் பார்த்துத் தூக்கும், பௌர்ணமிக்கு முன்பின்னாக அவள் கண்ணில் ஒரு மினுக்கம் வந்துவிடும், அந்த நாட்களில் அரக்கும் குங்குமச் சிவப்பும் மயில்கழுத்துமாகப் பட்டுகள் இறங்கும், வேண்டாம் என்று வந்தவர்களும் கண்ணாடி முன்னால் மாராப்பைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். பிறகு தேய்பிறையில் அவள் முகம் உப்பும், ரவிக்கை பிடிக்கும், இசக்கி ஒரு தையலைப் பிரித்துவிட வேண்டியிருக்கும், அந்த வாரம் பெண்கள் நைட்டியும் தலையணை உறையும் வாங்கிக்கொண்டு பக்கத்துக் கடையில் காரச்சேவும் கடலை மிட்டாயும் வாங்கிக்கொண்டு போவார்கள், போன வாரத்துப் பட்டை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொண்டுவந்து கலர் சரியில்லை என்று சண்டை போடுவார்கள்.

ஆண்களுக்கும் இது பழகியது. பஸ்ஸிலிருந்து இறங்கும் முன்பே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்வார்கள்.

"பவளம் எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு நிக்கா?"

"ரோட்டப் பாத்துட்டா வே. போனஸ் வந்ததை இன்னிக்கு வீட்ல சொல்லாதியும்."

எல்லோரும் இதை ஒத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்து ஜெசிந்தா டீச்சர், "போன பௌர்ணமிக்கு நான் ஒரு பாவாடை நாடா மட்டுந்தான் வாங்குனேன். எல்லாத்தையும் பவளம் தலைல போடாதீங்க. எங்களுக்கும் சொந்தமாப் புத்தி இருக்கு" என்றாள். அதுவும் சரியாகத்தான் இருந்தது.

கனகவல்லி அண்ணாச்சியிடம் சொன்னபோது கவனமாகத்தான் சொன்னாள். "விற்பனை கூடுது, குறையுது அண்ணாச்சி. பவளத்தோட சேர்ந்து போற மாதிரித்தான் தெரியுது. ஆனா எல்லாருக்கும் அப்படி இல்ல. அவளைப் பார்க்காம பின்வாசல் வழியா வந்தவங்களும் வாங்கியிருக்காங்க. முகூர்த்த நாள் கலந்திருக்கு, சம்பளத் தேதி கலந்திருக்கு. ஒருவேளை இருக்கலாம்னுதான் சொல்ல முடியும்."

"இருக்கலாம்னா இருக்குன்னுதானம்மா அர்த்தம்?"

"இல்ல அண்ணாச்சி, இருக்கலாம்னா…"

"சரி சரி. மைக் செட்காரனக் கூப்புடு."

ஆடி மாதத்தில் தெருத்தெருவாக ஆட்டோ போனது. "தாய்மார்களே, சகோதரிகளே! நமது அன்புப் பவளம் இன்று தலைக்குக் குளித்து எழுந்துவிட்டாள்! தவமணி ஜவுளி மாளிகையின் நாலாம் நாள் தள்ளுபடி! நாலாம் நாள் தள்ளுபடி!" வளர்பிறையில் பட்டுப் பகுதி மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு இறங்கியது, படிக்கட்டு ஓரமெல்லாம் ஆளுயரக் கண்ணாடி முளைத்தது. தேய்பிறையில் பில் போடுகிற இடத்தில் கூடை கூடையாகக் கிளிப்பும் கர்ச்சீப்பும் வந்தன. விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்கிற பலகை அந்த ஒரு வாரம் மட்டும் பெரியதாகத் தொங்கியது.

"நம்ம ஒடம்பு நமக்கே முழுசாப் புரிய மாட்டேங்கு" என்று ஜெசிந்தா டீச்சர் வாசலில் நின்று ஆட்டோவைப் பார்த்துச் சொன்னாள். "இவன் மைக் வச்சுக் கத்துறான்."

கனகவல்லி மாடி ஜன்னலிலிருந்து அதைக் கேட்டாள். கேட்டும் அந்த மாதத்து விற்பனைக்காக அண்ணாச்சி கொடுத்த சுடிதார் துணியை வாங்கிக்கொண்டாள். அதை இன்றுவரை தைக்கக் கொடுக்கவில்லை.

இதில் ஒன்றை ஊரில் ஒருவரும் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும், காலண்டர் எல்லார் வீட்டுச் சுவரிலும் தொங்கியது. தீபாவளி அமாவாசையை ஒட்டி வரும். பவளத்துக்கும் அமாவாசையை ஒட்டித்தான் வரும்.

புரட்டாசி முடிகிற நேரத்தில் அண்ணாச்சிக்கு இது உறைத்தபோது அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். சூப்பர்வைசர் வேலம்மாளையும் கனகவல்லியையும் கூப்பிட்டார்.

"வருஷத்து யாவாரமே அந்த மூணு நாளு. அன்னிக்குக் கண்ணாடில துணியப் போட்டு மூடிட்டு நான் எங்க போயி விக்க? கனகா, நீதான படிச்சவ. நீ ஒரு வழி சொன்னேன்னா தீபாவளி முடிஞ்ச கையோட வேலைய நிரந்தரமாக்கி ஆர்டர் அடிச்சுக் கையில குடுத்திருதேன்."

வழி எல்லோருக்கும் தெரிந்த வழிதான். கோவில் கொடை வந்தால், கல்யாணம் வந்தால், சபரிமலைக்கு வீட்டில் மாலை போட்டால், எங்கள் ஊர்ப் பெண்கள் மருந்துக்கடையில் குரலைத் தாழ்த்தி ஒரு மாத்திரை கேட்பார்கள்; கடைக்காரர் அதைச் செய்தித்தாளில் சுற்றித் தருவார்; நாள் தள்ளிப்போகும். தவமணி ஜவுளி மாளிகையில் தீபாவளிக்கு முன்பு வேலைக்கு நிற்கிற பெண்களுக்கு வேலம்மாளே அதை வாங்கி ஆளுக்கு ஓர் அட்டையாகக் கொடுப்பது வழக்கம். ஸ்வீட் டப்பா கொடுப்பதற்கு ஒருவாரம் முன்னால் இது வரும். ஒருத்தியும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

"தள்ளிப்போடலாம் அண்ணாச்சி" என்றாள் கனகவல்லி. சின்னக் குரலில்தான் சொன்னாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் இசக்கி உப்புப் போட்ட வெந்நீர் வாளியில் கால்களை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கனகவல்லி வெங்காயம் உரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். பவளத்துக்குக் கொடுக்க வேண்டியவள் இசக்கிதான். வேறு யார் கைக்கும் பவளம் வாய் திறக்க மாட்டாள்.

"வேண்டாம்ட்டி" என்றாள் இசக்கி.

"நாம போடலையாக்கா? வருஷா வருஷம் நீ போடலையா?"

"நமக்கு வீட்டுக்கு வந்தா படுக்கப் பாய் இருக்கு. அவளுக்கு அந்த மூணு நாளுதான இருக்கு."

"ஒரே ஒரு தடவக்கா."

"திரை விழலைன்னா எங்களுக்கும் ஸ்டூல் கிடையாது. தெரியுமா உனக்கு?"

"தெரியும்." கனகவல்லி வெங்காயத்தை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். "அடுத்த மாசம் வந்திரும்லக்கா. ஆர்டர் கைக்கு வந்துட்டா நான் அண்ணாச்சிகிட்ட ஸ்டூல் எப்பவுமே வேணும்னு பேசுவேன். நிரந்தரமானவ பேசுனாக் கேப்பாரு."

இசக்கி தங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாளித் தண்ணீர் ஆறிப்போனது. "சரி, வெங்காயத்த நறுக்கு" என்றாள்.

பவளத்துக்கென்று தனி அட்டை வாங்கவில்லை. வேலம்மாள் ஆட்கணக்குக்குத்தான் வாங்கியிருந்தாள். இசக்கி தன் பங்கை எடுத்து, தினமும் காலையில் சேலை மாற்றும்போது, பவளத்தின் கீழுதட்டில் ஒரு மாத்திரையை வைத்தாள். கொசுவத்தை மடித்துச் செருகிவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள், மாத்திரை இருக்காது.

அந்தத் தீபாவளியை ஊர் மறக்காது. வானத்தில் நிலா இல்லை, பவளத்தின் கண்ணில் பௌர்ணமி நின்றுவிட்டது. கையை நீட்டி, தாடையைத் தூக்கி, பஸ் நிலையத்தைப் பார்த்தபடி அவள் நின்றாள். பெண்கள் வந்தார்கள், வாங்கினார்கள், வீட்டில் வைத்துவிட்டுத் திரும்ப வந்தார்கள். ஒருத்தி ஒரே அரக்குப் பட்டில் மூன்று எடுத்துவிட்டு ஏன் எடுத்தோம் என்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தாள். சொர்ணத்தாயே தன் கடையில் தானே பில் போட்டு வாங்கினாள். வாங்கியவர்கள் முகத்தில் சிரிப்பு இல்லை. தாகத்தோடு உப்புத் தண்ணீர் குடிக்கிறவர்கள் போல இருந்தார்கள். ஜெசிந்தா டீச்சர் மட்டும் அந்த வாரம் முழுக்க எதிர்ப்பக்கத்து நடைபாதையிலேயே நடந்து போனாள்.

இசக்கிக்கு அந்த மூன்று நாளும் வந்தது. மாத்திரையைத்தான் கொடுத்துவிட்டாளே. நீல ஸ்டூல்கள் குடோனில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. கூட்டத்தில் கவுண்டர் விளிம்பும் கிடைக்கவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தபோது அவள் பின்கதவைத் திறந்து கண்ணாடி அறைக்குள் போய்ப் பவளத்தின் முதுகில் சாய்ந்துகொண்டாள். அந்த முதுகு ஜில்லென்று இருந்தது. விரலால் தட்டினால் காலி டப்பாவைத் தட்டுகிற சத்தம் வந்தது.

வெளியே இருந்தவர்களுக்குப் பொம்மைக்குப் பின்னால் ஒரு பெண் நிற்பது தெரிந்தது. அது அலங்காரத்தில் சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டார்கள்.

தீபாவளி முடிந்த திங்கட்கிழமை கனகவல்லிக்கு ஆர்டர் வந்தது. அக்காவுக்கு லட்டு வாங்கிப் போனாள். இசக்கி பாதியைத் தின்றுவிட்டு மீதியை மூடி வைத்தாள்.

மாத்திரையை நிறுத்தினால் இரண்டொரு நாளில் வந்துவிடும். எல்லோருக்கும் தெரிந்ததுதான். பவளத்துக்கு வரவில்லை. கார்த்திகையில் வரவில்லை. பெண்கள் எள்ளுருண்டை பிடித்துக் கொண்டுவந்தார்கள், பப்பாளி நறுக்கிக் கொண்டுவந்தார்கள், வெந்தயக்களி கிண்டிக் கொண்டுவந்தார்கள். கண்ணாடிக்கு முன்னால் அவையெல்லாம் படையல் போல வரிசையாக இருந்தன. குருசாமி தினமும் சவாரி முடிந்து போகும்போது லோடு ஆட்டோவை ஓரங்கட்டி, உள்ளே பார்த்துவிட்டுப் போவார். கிறிஸ்துமஸ் விற்பனை வந்தபோது, இப்போது வந்து தொலைத்துவிடப் போகிறதே என்று அண்ணாச்சி இன்னோர் அட்டை வாங்கினார். இசக்கி முடியாது என்று சொல்லிவிட்டாள். வேலம்மாள் போய் உதட்டில் வைத்தாள். மாத்திரை அங்கேயே இருந்தது, மறுநாள் எறும்பு வந்தது. அண்ணாச்சிக்கு அது நல்ல சேதியாகத்தான் பட்டது.

தையில் முகூர்த்தங்கள் தொடங்கின. பெண்கள் வந்தார்கள். வேண்டியதைச் சொன்னார்கள், எடுத்துக்கொண்டு போனார்கள். மாராப்பைப் போட்டுப் பார்க்கவில்லை, சண்டை போடவில்லை, திருப்பிக் கொண்டுவரவும் இல்லை. கல்யாணப் பெண் ஒருத்தியிடம் எந்த நிறம் பிடிக்கும் என்று இசக்கி கேட்டபோது அவள் வெகுநேரம் யோசித்தாள். "எதுன்னாலும் சரிக்கா" என்றாள். இசக்கிக்கு அதைக் கேட்டு அழுகை வந்தது. பவளத்தின் கை நீட்டியபடியே இருந்தது; அதில் தூசி படிந்தது; கண்ணின் மினுக்கம் பெயிண்டின் மினுக்கமாக ஆகிவிட்டது.

கனகவல்லி ஸ்டூல்களைப் பற்றிப் பேசத்தான் செய்தாள். "பவளம் உக்காந்தா ஸ்டூல்னுதானம்மா பேச்சு? அவ உக்காரட்டும்" என்றார் அண்ணாச்சி.

மாசி அமாவாசையன்று திரையைப் போட்டுப் பார்க்கலாம் என்று கனகவல்லி கெஞ்சினாள். இப்போது வியாபாரம் படுத்துக்கிடந்ததால் அண்ணாச்சி சம்மதித்தார். மைக் செட்காரனையும் வரச்சொல்லி வைத்தார். பவளம் மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள் என்று ஒரு சுற்று அறிவித்தால் போதும், நாலாம் நாள் கூட்டம் திரும்பிவிடும் என்பது அவருடைய எண்ணம். பவளம் உட்காருகிற மரப்பெட்டி தீபாவளிக்குக் குடோனுக்குப் போயிருந்தது, குடோன் சாவி கிடைக்கவில்லை. கனகவல்லி மாடியிலிருந்து தன் சக்கரம் வைத்த நாற்காலியையே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு படியாக வைத்து எடுத்து, இறக்கிக் கொண்டுவந்தாள். கண்ணாடி அறைக்குள் பவளத்துக்குப் பின்னால் அதை உருட்டி வைத்தாள். இசக்கியும் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

சிவப்புத் திரை வழியே வெயில் உள்ளே விழுந்தது. வெளியே பஸ்களின் ஹாரன் கேட்டது. இசக்கி குனிந்து பவளத்தின் முழங்காலுக்குப் பின்னால் கைவைத்துத் தடவினாள். மடிப்பு இல்லை, கீறல் இல்லை, ஒரே வார்ப்பு. தோளைப் பிடித்து மெல்ல அழுத்தினாள். பொம்மை மொத்தமாகச் சாய்ந்தது, பிடித்து நிமிர்த்தினாள்.

"நீ உக்காருக்கா" என்றாள் கனகவல்லி. "இன்னிக்கு உனக்கு நாளுதான? காலைல இருந்து நிக்கிற. யாரும் பார்க்க மாட்டாங்க, திரை இருக்கு."

இசக்கி நாற்காலியைப் பார்த்தாள். அதன் முதுகுப்பகுதியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறை இன்னும் கிழியாமல் இருந்தது. தங்கை அதில் ஒருநாளும் சாய்ந்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பிறகு பவளத்தைப் பார்த்தாள்.

"அவ நிக்கும்போது நான் எப்படிட்டி உக்கார?"

வெளியே பேச்சுச் சத்தம் அடங்கியிருந்தது. நிறையப் பேர் கூடியிருக்க வேண்டும். எள்ளின் மணம் திரையைத் தாண்டி வந்தது. பின்கதவு லேசாகத் திறந்து அண்ணாச்சியின் முகம் தெரிந்தது. அவர் உள்ளே ஒருமுறை பார்த்தார். "உக்காந்துட்டான்னு சொல்லு கனகா" என்று காதுக்குள் சொல்வது போலச் சொன்னார். "திரைதான் இருக்கே. சொன்னாப் போதும். ஸ்டூலும் எடுத்துத் தந்திருதேன்."

கண்ணாடியில் யாரோ விரலால் தட்டினார்கள். குருசாமியின் குரல். "எம்மா கனகா… எம் மருமவ உக்காந்துட்டாளா?"

கனகவல்லி அக்காவைப் பார்த்தாள். ஸ்டூல் என்ற சொல்லைக் கேட்டதும் அக்காவின் முகத்தில் ஒரு நொடி ஆசை வந்துபோனதையும் பார்த்தாள்.  சொல்லிவிடு என்றோ வேண்டாம் என்றோ இசக்கி தலையாட்டவில்லை. தங்கை வெங்காயம் உரித்த சாயங்காலத்தில் பார்த்தது போலவே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்ல மாமா" என்றாள் கனகவல்லி. கண்ணாடியைத் தாண்டிக் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னாள். "இல்ல மாமா. நின்னுக்கிட்டுத்தான் இருக்கா."

பின்கதவு சாத்திக்கொண்டது.  மைக் செட் ஆட்டோ கிளம்பித் திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. பாத்திரங்களை ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. கடைசியாக ஒரு லோடு ஆட்டோ வெகுநேரம் கிளம்பாமல் உறுமிக்கொண்டிருந்துவிட்டுப் போனது.

சிவப்பு வெளிச்சத்தில், காலி நாற்காலியைச் சுற்றி மூன்றுபேரும் நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து இசக்கி வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறி நின்றாள். கனகவல்லியும் மாறி நின்றாள். பவளம் மாறி நிற்கவில்லை.